நகத்தின் நிறம் பார்த்துக் காத்திருந்த நிமிடங்கள்

இந்த மாதம் எலும்பு முறிவுப் பிரிவில் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

நேற்று தேநீர் நேரத்தில் உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், இந்த டிபார்ட்மென்ட்ல லேடீஸுக்கு நிஜமாவே கஷ்டமா?" கேஸ் வந்துவிட்டதால் "அப்புறம் சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டேன். அடுத்த வாரம் நான் இந்த மருத்துவமனையை விட்டுப் போகிறேன். வேறு ஊரில் கை அறுவைக்கென்று தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கும் பொறுப்பு வந்திருக்கிறது. ஆகவே அந்தப் பதிலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு வயது முப்பத்தாறு. பணி அனுபவம் எழுத இது சின்ன வயது என்று தெரியும். ஆனால் ஒரகடம் சாலையோர அவசரப் பிரிவில் ஏழு வருடம் நின்றவருக்கு, கைகளைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கத்தான் செய்யும். நம் பிரிவின் தலைவரை இதில் சீஃப் என்று மட்டும் எழுதுகிறேன். நீங்களும் அப்படித்தானே கூப்பிடுகிறீர்கள்.

நான் சேர்ந்த முதல் நாள் சீஃப் என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, "இது தச்சு வேலைம்மா. சுத்தி, உளி, ரம்பம். உனக்கு ஸ்கின் பக்கம் சீட் கிடைக்கலையா?" என்றார். அறையில் இருந்த ஐந்து ஆண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் என்னை விரட்டுவதற்காக அதைச் சொல்லவில்லை. சேருகிற எல்லாரிடமும் ஏதாவது ஒன்றைச் சொல்வார். ஆனால் அன்றைக்கு நான் மனதில் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டேன்: ஒன்று, யாரையும் உதவிக்குக் கூப்பிடக் கூடாது. இரண்டு, வியர்த்தாலும் துடைக்கக் கூடாது. மூன்று, எந்த மூட்டாக இருந்தாலும் என் கையாலேயே ஏற்ற வேண்டும்.

அந்தப் பட்டியல்தான் என் முதல் பெரிய தவறுக்குக் காரணம். அதைச் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்ல வேண்டும்.

மணிமங்கலத்திலிருந்து ஓர் அம்மாவைக் கூட்டி வந்தார்கள். அறுபதைத் தாண்டியவர். பஸ் படியில் தவறி விழுந்து தோள் மூட்டு நழுவியிருந்தது. அதைத் திரும்ப ஏற்றுவது நமக்கு அன்றாட வேலை. மயக்க ஊசி நன்றாக வேலை செய்து தசை தளரும்வரை பொறுத்திருந்தால் போதும், பாதி வேலையை மூட்டே செய்துவிடும். நான் பொறுக்கவில்லை. ஒரு சீனியரும் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர் ஒருவரும் கதவருகில் நின்றிருந்தார்கள். "மேடத்துக்கு ஆள் வேணுமான்னு கேளுப்பா" என்று சீனியர் சொன்னது காதில் விழுந்தது. முழு பலத்தையும் போட்டு இழுத்தேன். ஒரு சத்தம் கேட்டது. அது மூட்டு ஏறும் சத்தம் இல்லை. மேற்கை எலும்பின் கழுத்து உடைந்த சத்தம்.

கத்தி வைக்காமல் சரியாகியிருக்க வேண்டிய தோளில் தகடு வைக்க வேண்டியதாயிற்று. மறுநாள் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். "வுடும்மா, நீ இன்னா பண்ணுவ, எனக்கு எலும்பு தேஞ்சி பூட்ச்சி" என்று என்னைத் தேற்றப் பார்த்தார். எலும்பின் மேல் பழி போடாதீர்கள், அவசரம் என்னுடையது என்று மறுபடியும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரி, இந்தக் கைய ஒயுங்கா தூக்க வெச்சுட்டு அப்பறம் அளுவு" என்றார். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. நான்கு மாதத்தில் தலைக்கு மேல் கையைத் தூக்கினார்.

சீஃபிடம் அறிக்கை கொடுத்தபோது அவர் எலும்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அப்ப யாரெல்லாம் நின்னு பாத்துட்டு இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டார். பெயர்களைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு பழைய பட்டியலைக் கிழித்தேன். மேசையை என் இடுப்பு உயரத்துக்கு இறக்கச் சொன்னேன். என் சின்னக் கைக்குப் பொருந்தும் ஆறரை அளவுக் கையுறை வாங்கி வைக்கச் சொல்லி ஸ்டோருக்கு மூன்று முறை எழுதினேன், மூன்றாவது முறை வந்தது. நிற்பதற்கு ஒரு மரப்படி செய்யச் சொன்னேன். தியேட்டர் உதவியாளர்கள் அதற்கு 'மேடத்தோட மேடை' என்று பெயர் வைத்தார்கள். "மேடை ரெடியா? மைக் வேணுமா மேடம்?" என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அந்தப் படிமேல் நின்று என்னால் எந்த இடுப்பு மூட்டையும் ஏற்ற முடிந்தது.

இனி ஸ்டெல்லாவின் கை. இதை எழுத அவளிடம் அனுமதி கேட்டேன். பெயரை மாற்றிவிடவா என்றும் கேட்டேன். "இன்னாத்துக்கு மாத்தணும்? நான் தப்பா பண்ணேன்? பேரு போட்டே எழுது மேடம்" என்றாள்.

அது என் மூன்றாவது வருடம். மதியம் இரண்டரை மணி, முதல் ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் ஏறும் நேரம். கார் இருக்கைகளுக்கான நுரைத் தகட்டின் மேல் பசை போட்டுத் துணி ஒட்டும் தொழிற்சாலை ஒன்றிலிருந்து போன். ஒரு பெண்ணின் கை இரண்டு உருளைகளுக்கு நடுவே சிக்கியிருக்கிறது, மெஷினை நிறுத்திவிட்டார்கள், கையை வெளியே எடுக்க முடியவில்லை, டாக்டர் வர வேண்டும். சீஃப் தியேட்டரில் தொடை எலும்பு ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். பணியில் இருந்தது நான்தான். ஆம்புலன்ஸில் ஏறும்போது, அங்கேயே கையைத் துண்டிக்க வேண்டி வந்தால் தேவைப்படும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டேன். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நெளிந்து போன அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அந்தப் பை என் மடியில் இருந்தது.

உள்ளே நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். நடுவில் நீல யூனிஃபார்ம் போட்ட இருபத்திமூன்று வயதுப் பெண் மெஷினோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். வலது கை மணிக்கட்டுக்குச் சற்று மேல்வரை உருளைகளுக்குள் போயிருந்தது. இரண்டு தோழிகள் இரண்டு பக்கமும் அவள் இடுப்பைத் தாங்கியிருந்தார்கள்.

ஷிப்ட் சூப்பர்வைசர் லோகநாதன் ஓடி வந்தார். படப்பைக்காரர், நாற்பது வயது இருக்கும். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சிஸ்டர், டாக்டர் பின்னாடி வர்றாரா?"

"நான்தான் டாக்டர். வேற யாரும் வரல."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "சரி மேடம், நீங்க ஊசிய மட்டும் போடுங்க. நான் ரிவர்ஸ் வுடறேன். அஞ்சு செகண்டு, கை வந்துடும்."

அந்த உற்பத்தி லைனில் துணி சிக்கினால் அதற்கு ஜாம் என்று பெயர். ஒரு ஷிப்டில் ஏழெட்டு ஜாம் வரும். ரிவர்ஸ் பொத்தானை அழுத்தினால் உருளைகள் பின்பக்கமாகச் சுற்றித் துணியைத் துப்பிவிடும். வருடக்கணக்கில் அதையே செய்து பழகியவர் அவர். இதுவும் அவருக்கு ஒரு ஜாம். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கட்டைவிரல் பொத்தானைத் தேடிப் போனது.

"கைய எடுங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. "துணி அப்படியே வந்துடும். கை வராது, தோல் உரிஞ்சு உள்ளயே நின்னுடும். மெயின் ஸ்விட்ச் எங்க?"

காட்டினார். அணைத்துப் பூட்டி, சாவியை என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "மேடம், கை பூட்ச்சா?"

"இன்னும் பாக்கல. பாத்துட்டு உண்மையச் சொல்றேன்."

வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டுவிட்டு சீஃபுக்குப் போன் செய்தேன். ஒரு நர்ஸ் அவர் காதருகே போனைப் பிடித்துக்கொண்டார். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "முக்கா மணி ஆயிடுச்சு, அவ்ளோ நேரம் ரத்தம் போகாம நசுங்கின கை. கையக் காப்பாத்த நினைச்சு அந்தப் பொண்ணு உயிரை விட்டுடாதே. எடுத்துடு" என்றார்.

அவர் சொன்னது தவறான அறிவுரை இல்லை. நான் கொடுத்த தகவலுக்கு அதுதான் சரியான பதில். குறை நான் கொடுத்த தகவலில் இருந்தது. ரத்தம் போகிறதா இல்லையா என்று நான் இன்னும் பார்க்கவே இல்லை. நான் மட்டுமல்ல, அங்கே இருந்த ஐம்பது பேரும் கை உள்ளே போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தோம். மெஷினுக்கு இன்னொரு பக்கம் உண்டு.

சுற்றிக்கொண்டு போய்க் குனிந்தேன். அங்கே நான்கு விரல் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஆனால் நகங்கள் தெரியவில்லை. எல்லாவற்றிலும் கெட்டியாக அரக்குச் சிவப்பில் நகப்பூச்சு. மறுநாள் அவள் அக்காவுக்கு நிச்சயதார்த்தம்.

ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க நகத்தை அழுத்தி விட வேண்டும், வெளுத்த இடம் மறுபடி சிவக்கிறதா என்று எண்ண வேண்டும். பூச்சுக்கு அடியில் என்ன தெரியும்? "நெயில் பாலிஷ் எடுக்க ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். லோகநாதன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கை போய்க்கொண்டிருக்கிறது, இந்தம்மா நகப்பூச்சைப் பற்றிக் கேட்கிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

தோழிகளில் ஒருத்திக்குப் புரிந்தது. "பசை தொடைக்கிற தின்னர் கீது மேடம்! நாங்க அதுலதான் எடுப்போம்!" என்று ஓடிப்போய் ஒரு துணியில் நனைத்துக் கொண்டுவந்தாள். நடுவிரலைத் துடைத்தேன். நகம் வெளிறி, லேசான நீலத்தில் இருந்தது. அழுத்தி விட்டேன். ஒன்று. இரண்டு. மூன்று. மெல்லிய ரோஜா நிறம் திரும்பி வந்தது.

மறுபடி செய்து பார்த்தேன். மூன்று.

உருளைகளின் மேல் ரப்பர் உறை இருந்தது, கையோடு ஒரு நுரைத் தகடும் சேர்ந்து உள்ளே போயிருந்தது. இரண்டும் மெத்தைபோல் தாங்கியிருக்கின்றன. கை உயிரோடு இருந்தது.

சீஃபை மறுபடி கூப்பிட்டேன். "சார், நகம் சிவக்குது. மூணு செகண்ட்ல."

"நிச்சயமா?"

"ரெண்டு தடவை பாத்தேன்."

"அப்ப நீ அங்க இருக்க, நான் இல்ல. நீ முடிவு பண்ணு."

மெயின்டனன்ஸ் ஃபிட்டர் சுடலைமுத்து அதற்குள் கருவிப் பெட்டியோடு வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், மண்ணூரில் வாடகைக்கு இருப்பவர். மேல் உருளையைத் தாங்கும் கட்டையைக் கழற்றி ஜாக்கி வைத்துத் தூக்கினால் கையை எடுக்கலாம் என்றார். "நாலு போல்ட்டு மேடம். பசை காஞ்சு அப்பிக் கெடக்கு. இருவது நிமிசம் ஆவும்."

"மேனேஜர் கையெழுத்து இல்லாம மெஷினப் பிரிக்கக் கூடாது மேடம்" என்றார் லோகநாதன். "அவரு இன்னிக்கு லீவு, போன எடுக்க மாட்டேன்றாரு. என் வேல பூடும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவரும் ஐம்பது பேருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கேஸ் ஷீட்டைப் புரட்டி, மெஷினைப் பிரிக்கச் சொன்னது நான், பொறுப்பு என்னுடையது என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்தேன். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு தானே முதல் ஸ்பேனரை எடுத்தார்.

அதே ஷீட்டில் எனக்காகவும் ஒரு வரி எழுதினேன்: ஆறு செகண்ட் தாண்டினால் துண்டிக்க வேண்டும். எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். அந்த நேரம் வரும்போது மனம் பேரம் பேசும். எழுதி வைத்த எண்ணோடு அதனால் பேரம் பேச முடியாது. கருவிப் பையைத் திறந்து, ஸ்டெல்லாவின் கண்ணில் படாமல் பச்சைத் துணிக்கு அடியில் தயாராக வைத்தேன்.

"கை உயிரோட இருக்கு" என்று அவளிடம் சொன்னேன். "அப்படியே இருக்குமான்னு இன்னும் தெரியாது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்துச் சொல்றேன்."

"மோசமா இருந்தாலும் சொல்வீங்களா?"

"சொல்வேன்."

முதல் போல்ட், மூன்று. இரண்டாவது போல்ட், மூன்று. மூன்றாவதைக் கழற்றும்போது நான்கு. நான் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன், தோழிகளும் என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். நான்காவது போல்ட் அசையவே இல்லை. லோகநாதனும் இன்னும் மூன்று பேரும் ஸ்பேனரில் தொங்கி இழுத்தார்கள். போல்ட்டின் முனைகள் மழுங்கத் தொடங்கின. நகத்தை அழுத்தினேன். ஐந்து.

"அஞ்சு" என்றேன். யாரும் என்னோடு எண்ணவில்லை.

"எல்லாரும் கைய எடுங்க பாப்போம்" என்றார் சுடலைமுத்து. "பலத்துக்கு இங்கன சோலி இல்ல. இன்னும் ரெண்டு இழு இழுத்தா தலை வழுக்கிரும், பொறவு ஆண்டவன் வந்தாலும் களத்த முடியாது." போல்ட்டின் மேல் தின்னரை ஊற்றினார். பிறகு, என்னால் என்றைக்கும் மறக்க முடியாதபடி, கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்.

"இன்னா ணா, நின்னுக்கினு கீற?" என்று லோகநாதன் அலறினார்.

"பசை எளகட்டும் வே. கத்தாதீரும்."

ஒரு நிமிடம் இருக்கும். ஸ்டெல்லாவின் கையை வைத்துக்கொண்டு அந்த ஒரு நிமிடம் பொறுத்திருக்க அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. மணிமங்கலத்து அம்மாவின் தோளை இழுத்தபோது எனக்கு அது இருக்கவில்லை. நான் அவரை அவசரப்படுத்தவில்லை. பச்சைத் துணியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் நகத்தை அழுத்தினேன். ஐந்து. மறுபடியும் ஐந்து.

ஸ்பேனரின் பிடியில் நீளமான ஓர் இரும்புக் குழாயைச் செருகினார். அதன் நுனியைப் பிடித்து, இரண்டே விரலால் தொடுவது போல் மெல்ல அமுக்கினார். போல்ட் கிறீச்சென்று திரும்பியது.

ஜாக்கி ஏற, உருளை ஒரு அங்குலம் எழும்பியது. ஸ்டெல்லாவின் கை என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. நசுங்கி, வீங்கி, தோல் கிழிந்து, வெதுவெதுப்பாக இருந்தது. பின்னால் யாரோ கை தட்டினார்கள். அப்புறம் மொத்த லைனும் தட்டியது. நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்ததால் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மருத்துவமனையில் சீஃப் தன் கேஸை முடித்துவிட்டுக் கைகழுவும் இடத்தில் காத்திருந்தார். கையைப் பார்த்தார். விரல் விரலாக, அவசரமில்லாமல் பார்த்தார். பிறகு என்னோடு சேர்ந்து கைகழுவி, உள்ளே வந்து, மேசைக்கு முன்னால் நின்று, "நான் எந்தப் பக்கம் நிக்கணும்?" என்று கேட்டார்.

தியேட்டரில் அந்தக் கேள்வியை உதவி செய்பவர்தான் கேட்பார். அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். தியேட்டர் உதவியாளர் இந்த முறை கேலி செய்யாமல் என் மரப்படியைக் கொண்டுவந்து அறுவை செய்பவரின் இடத்தில் வைத்தார். ஐந்து மணி நேரம். சுண்டுவிரலின் நுனி ஒன்றை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்த மாதப் பணி அட்டவணையில் 'கை காயங்கள்' என்று ஒரு புதிய வரிசை இருந்தது, அதற்கு நேரே என் பெயர். யாரும் எதையும் அறிவிக்கவில்லை. சீஃப் இன்றும் புதிதாகச் சேர்பவர்களிடம் தச்சு வேலை என்றுதான் சொல்கிறார், உங்களிடமும் சொல்லியிருப்பார். ஆனால் இந்த வருடம் மூன்று இடங்களுக்கும் மூன்று பெண்களைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். மூன்று பேருக்குமான கையுறைகள் நீங்கள் சேர்வதற்கு முன்னாலேயே ஸ்டோருக்கு வந்துவிட்டன. நான் எழுதிக் கேட்கவில்லை.

ஆகவே கேட்ட கேள்விக்குப் பதில்: ஆமாம், கஷ்டம்தான். எலும்பு நம்மை அவ்வளவாகக் கஷ்டப்படுத்தாது. யாரோ பார்க்கிறார்களே என்ற நினைப்புதான் படுத்தும். அது உங்கள் கையை அவசரப்படுத்தும்போது, மெஷினைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்ப் பாருங்கள். உங்களை சிஸ்டர் என்று கூப்பிட்டால் ஒரு முறை திருத்துங்கள், வேலையைப் பாருங்கள். தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அவர் டாக்டராக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஸ்டெல்லா எட்டு மாதம் பயிற்சிக்கு வந்தாள். தினமும் பந்து அமுக்குவது, பட்டாணி பொறுக்குவது. மோதிரவிரல் மட்டும் முழுதாக மடங்கவில்லை. திட்டுவாள், அழுவாள், மறுநாள் மறுபடி வருவாள். இப்போது அதே தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். கடைசிப் பரிசோதனைக்கு அம்மாவோடு வந்திருந்தாள். கையைக் காட்டச் சொன்னேன். காட்டாமல், எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். பின்னல் போட்டிருந்தாள். நடுவில் கோணிக்கொண்டு, ஒரு பக்கம் முடி பிதுங்கி, எப்படியோ நுனிவரை வந்து சேர்ந்திருந்தது.

"நான் பின்றேன்டீன்னா வுட மாட்டேங்கறா மேடம்" என்றார் அவள் அம்மா. "இதப் போட்டுக்கினுதான் பஸ்ஸுல வந்தா."

"எவ்ளோ நேரம் ஆச்சுன்னு கேளு மேடம்" என்றாள் ஸ்டெல்லா, திரும்பாமலே.

"எவ்ளோ நேரம்?"

"நாப்பது நிமிஷம். நாளிக்கு முப்பத்தஞ்சு."